கடல்நாய்க்குக் கேட்கும்

எழுபதுகளில் மாண்ட்ரியாலில் ஒரு பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை. டேப் ரெக்கார்டரை ஓட்டுவேன், பேராசிரியரின் குறிப்பட்டைகளை டைப் அடிப்பேன். ஒருநாள் அலாஸ்கா கடற்கரையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மாளை, அவருடைய தாய்மொழியான அலூட்டிக்கைப் பதிவு செய்ய அழைத்திருந்தார் பேராசிரியர். குள்ளமான உருவம், அகன்ற முகம், ஜூனிலும் கழற்றாத கம்பளிச் சட்டை. ஒவ்வொரு சொல்லையும் சொன்னதும் அந்த அம்மாள் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார்.

கடல்நாய்க்கு 'இசுவிக்' என்றார். படகு, காற்று, மீன் எல்லாவற்றுக்கும் தயங்காமல் சொன்னார். "நாளைக்குக் கடல்நாய் பிடிக்கப் போகிறேன். இதை உங்கள் மொழியில் சொல்லுங்கள்" என்றார் பேராசிரியர். அம்மாள் வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை கேட்டுப் பார்த்த பேராசிரியர், அட்டையில் 'மறந்துவிட்டது' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

"என்ன எழுதினாரு?" என்று அம்மாள் கேட்டார். சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"வேட்டைக்குப் போறோம்னு முன்னாடியே யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கடல்நாய்க்குக் கேக்கும், கிட்ட வராது. பள்ளிக்கூடத்துல எங்க பாஷையைப் பேசினேன்னு டீச்சர் சோப்பால என் வாயைக் கழுவினா. அவகூட எனக்கு அந்தப் பாஷை தெரியாதுன்னு சொன்னதில்ல."

சாப்பிட்டு வந்த பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். "உன் வேலையைப் பார்" என்றார்.

பார்த்தேன். அந்த அட்டையை நான்தான் டைப் அடித்தேன். 'மறந்துவிட்டது' என்று, ஒரு பிழைகூட இல்லாமல்.