கிழ நாயின் உறுமல்

1957ஆம் வருஷம். புதுச்சேரி முதலியார்பேட்டையில் குடியிருந்தோம். நான் மில் தொழிலாளி. என் மனைவி ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் செய்தாள். அவர்கள் கப்பலேறி ஊருக்குக் கிளம்பியபோது, நாலு மாதக் கடுவன் நாய்க்குட்டி ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

"ஒரு வயசுக்குள்ள இதுக்குக் காயடிச்சிடணுமாம். இல்லாட்டி நம்ம கெழட்டு நாய் இத்தச் சேத்துக்காதுன்னு அந்த வூட்டு மதாம் சொன்னாங்க" என்றாள்.

விழுந்து விழுந்து சிரித்தேன். உழவுக் குடும்பத்தில் பிறந்தவன் நான். மாட்டுக்குக் காயடிப்பார்கள், நாய்க்குமா?

எங்கள் பழைய நாய்க்கு அப்போது பத்து வயதிருக்கும். அதுவும் கடுவன்தான். குட்டி காதைக் கடித்தாலும், அதன் சோற்றில் வாய் வைத்தாலும் பொறுத்துக்கொள்ளும். குட்டி வளர்ந்து காலைத் தூக்கிச் சிறுநீர் விட ஆரம்பித்ததும் எல்லாம் மாறிப்போனது. இளசு கிட்டே வந்தாலே கிழம் விறைத்துக்கொண்டு நிற்கும். பிடரி மயிர் சிலிர்க்கும், அடித்தொண்டையில் உறுமும். வயசான காலத்தில் இதற்கு என்ன பொறாமை என்று, கிழத்தைச் சங்கிலியில் கட்டிவிட்டு இளசை அவிழ்த்துவிட்டேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் மூன்று வயது மகள் சோற்றுத் தட்டோடு கிழத்தின் எதிரே உட்கார்ந்திருந்தாள். திடீரென்று அது எழுந்து பல்லைக் காட்டி உறுமியது. குழந்தையைக் கடிக்கப் போகிறது என்றே நினைத்தேன். விறகுக் கட்டையை எடுத்து ஓங்கி ஒன்று வைத்தேன். கிழம் சுருண்டு விழுந்தது. அதே நொடியில் குழந்தையின் முதுகுக்குப் பின்னாலிருந்து இளசு கிழத்தின் மேல் பாய்ந்தது. அது அங்கே வந்து நின்றதை நான் கவனிக்கவே இல்லை. கிழம் உறுமியது அதைப் பார்த்துத்தான்.

குழந்தை குப்புற விழுந்தாள். இரண்டு நாய்களும் அவள் மேலேயே புரண்டன. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. சங்கிலி அவள் காலைச் சுற்றியிருந்தது. இழுக்க இழுக்க இறுகியது.

"இழுக்காதீங்க! கால் போயிடும், இழுக்காதீங்க!" என்று அலறிக்கொண்டே வந்த என் மனைவி, கழுநீர் வாளியை அப்படியே நாய்களின் முகத்தில் கொட்டினாள். இளசு பிடியை விட்டுப் பின்வாங்கியது. சங்கிலி தளர்ந்த அந்தக் கணத்தில் காலை உருவிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கிழத்துக்குத்தான் காது கிழிந்து கழுத்தெல்லாம் ரத்தம். கட்டிப்போட்டிருந்தேனே, எங்கே ஓடும்?

மறுநாளே இளசை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காயடித்தோம். இரண்டு, மூன்று மாதத்தில் கிழத்தின் உறுமல் நின்றது. இளசு முகர்ந்து பார்த்தாலும் பேசாமல் படுத்திருக்கும். ஆனால், நான் சோறு வைக்கக் கையைத் தூக்கினாலும் அது சட்டென்று கண்ணை மூடிக்கொள்ளும். சாகிறவரை அப்படித்தான். என் குழந்தைக்குப் பின்னால் வந்த ஆபத்தைச் சொன்ன வாயில்லா ஜீவனை அடித்தேனே என்ற குற்ற உணர்ச்சி, எனக்கு இத்தனை வயதாகியும் தீரவில்லை.