இடதுபக்க மட்கார்டு

துருவைப் பற்றி ரத்தினம் அண்ணாச்சியிடம் வாயைக் கொடுத்து யாரும் லேசில் தப்பியதில்லை. தென்காசியில் அவருடைய பெயின்ட் கடைக்கு ஒரு டின் வாங்கப் போனவன், கூடவே உபதேசமும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவான். "முதல்ல துருவச் சுரண்டுலே. பொறவு பிரைமர் அடி. பிரைமர் இல்லாம பள்ளத்துல பட்டி வச்சேன்னா, புண்ணுக்குப் புனுகு பூசின கததான்" என்பார். எரிச்சலோடு கேட்டாலும் ஊர் அவர் சொன்னபடிதான் செய்தது. இலத்தூர் சர்ச்சில் அவர் ஜெபம் சொல்ல எழுந்தால் கைக்குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். அது கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் மரியாதை அந்த அளவில்தான் இருந்தது.

அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கடை இப்போது மகன் பெலிக்ஸிடம் இருக்கிறது.

பெலிக்ஸ் ஐம்பதை நெருங்குகிற சாதாரண மனிதன். பி.காம். படித்தான், துபாய்க்குப் போக ஆசைப்பட்டான், அப்பா கூப்பிட்டதும் கல்லாவில் வந்து உட்கார்ந்தான். சர்ச் கமிட்டிக் கூட்டங்களில் கடைசி வரிசை. யாராவது "நீங்க யாரு?" என்று கேட்டால் "ரத்தினத்துக்கு மகன்" என்று சொல்வான், தன் பெயர் அதற்குப் பிறகுதான் நாவில் வரும். அதில் அவனுக்குக் குறையும் இல்லை. அப்பாவின் பேர் ஒரு நல்ல குடை, அதன் கீழ் நனையாமல் நடந்து பழகியவன் அவன்.

அந்தப் பேரோடு ஒட்டிப்பிறந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. வருஷாவருஷம் சர்ச் அசனத்துக்கு, அதாவது ஊரே ஒன்றாக உட்கார்ந்து உண்கிற அந்த விருந்துக்கு, அரிசி மூட்டையும் அண்டாக்களும் அதில்தான் வரும். அண்ணாச்சி போன பிறகு அது கொல்லையில் வேப்பமரத்தடியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. குற்றாலத்துச் சாரல் இலத்தூர்வரை வந்து மெல்லிசாகத் தூவிவிட்டுப் போகும். மனுஷனுக்குச் சுகம், இரும்புக்கு எமன். இந்த வருஷ அசனத்துக்கு அண்ணாச்சியின் வண்டியையே கொண்டுவரலாமே என்று கமிட்டியில் யாரோ சொல்ல, ஒர்க்ஷாப்காரர் வந்து பார்த்துவிட்டு, "எடைக்குப் போட்டுருங்க" என்றார். பெலிக்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. நானே பார்க்கிறேன் என்று இறங்கினான்.

கடை நிறைய பெயின்ட் விற்றவனே ஒழிய, ஒரு தகட்டைக்கூட அவன் வெட்டியதில்லை. டிரைவர் சீட்டுக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் தகடு இற்று மண் தெரிந்தது. சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்றது, செத்த தகடு பொதுக்கென்று உள்ளே போனது. செத்ததையெல்லாம் நல்ல தகடு வரும்வரை வெட்டி எறிந்தான். வாடகைக்கு வெல்டிங் மெஷின் எடுத்து, முதல் ஒட்டிலேயே இருந்த ஓட்டையை இரண்டு மடங்காக்கினான். அவன் மனைவி ரூபி பின்வாசலில் நின்று, "அடைக்கியளா, ஜன்னல் வைக்கியளா?" என்று கேட்டாள். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஒட்டுக்குப் பிறகு கை படிந்துவிட்டது. இஞ்சின் ஒருநாள் இருமிவிட்டு உயிர் பெற்றபோது அவன் குழந்தை மாதிரிக் கத்தினான்.

தினமும் காலையில் பால் ஊற்ற வருகிற குருவம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி இருந்தா எம்புட்டு சந்தோசப்படுவாவ" என்று சொல்லாமல் அவள் ஒருநாளும் போனதில்லை.

குருவம்மாளின் கதை ஊருக்கே தெரியும். அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி பால்காரன். இருபது வருஷத்துக்கு மேலாகிறது, ஓர் ஆடிமாதச் சாரலில், இலத்தூர் குளத்துக்கரை இறக்கத்தில், ஏதோ ஒரு வண்டி அவனைச் சைக்கிளோடு அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அன்று மத்தியானம்தான் குருவம்மாளின் தம்பி இசக்கிதுரை, நிலப் பங்குத் தகராறில், சிவகிரியிலிருந்து ஜீப்பில் வந்து சங்கிலிப்பாண்டியைப் பார்த்து "ஒன்ன ரோட்டுல போட்டு ஏத்துதேம்லே" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போயிருந்தான். வாய்க்கொழுப்பில் சொன்ன பேச்சு. அவன் ஜீப்பைப் போலீஸ் பரிசோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டது. குருவம்மாள் விடவில்லை. புருஷன் செத்த வீட்டுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு தம்பி வந்தபோது, அதை வாங்கி அவன் முகத்திலேயே வீசினாள். அதற்குப் பிறகு சிவகிரிப் பக்கம் திரும்பியதே இல்லை.

அந்த நாளில் அவளுக்குத் துணை நின்றவர் ரத்தினம் அண்ணாச்சி. மாடு வாங்கிக் கொடுத்தார், சாகும்வரை அவளிடமே பால் வாங்கினார். அண்ணாச்சியின் தங்கமான மனசுக்கு ஊர் காட்டுகிற முதல் சாட்சி அதுதான்.

இந்த ஆடியில் சிவகிரியிலிருந்து ஆள் வந்தது. இசக்கிதுரைக்கு ஈரல் கெட்டுப் படுத்த படுக்கை, அக்காளை ஒருதடவை பார்க்க வேண்டும் என்கிறான். குருவம்மாள் பால் செம்பைக் கழுவியபடியே சொன்னாள்: "எம்புருசனக் கொன்னவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்னு சொல்லுங்க."

அந்த வாரம்தான் பெலிக்ஸ் இடதுபக்க மட்கார்டுக்கு வந்தான்.

அங்கே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. தகடு தேய்க்கிற கிரைண்டரை வைத்ததும் வெள்ளைத் தூசி பறந்தது. பட்டி. சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது, ஒரு விரல் கனம். அடியில் பிரைமர் இல்லை. துருவைச் சுரண்டிய அடையாளமும் இல்லை. பழைய பெயின்டின் மேலேயே யாரோ அவசர அவசரமாக அப்பியிருந்தார்கள். எந்தக் கத்துக்குட்டி செய்த வேலை என்று நினைத்தவனுக்கு, இந்த வண்டியை அப்பாவைத் தவிர யாரும் தொட்டதில்லை என்பது அடுத்த மூச்சில் நினைவு வந்தது.

பட்டி முழுவதும் போனபோது தகட்டில் ஒரு பள்ளம். பால் கேனின் தோள் அளவுக்கு, அதே வளைவில். அதற்கு மேலே வண்டியின் பழைய நீலத்தில் நீளமாக ஒரு பச்சைக் கீறல். குருவம்மாளின் தொழுவத்தில் ஹேண்டில்பார் வளைந்து இன்றும் சாய்ந்து நிற்கிறதே, சங்கிலிப்பாண்டியின் சைக்கிள், அதன் பச்சை.

கிரைண்டரை அணைக்கத் தோன்றாமல் நின்றான். ஒவ்வொன்றாக வந்து அவனை அடித்தது. அந்த ஆடியில் பேட்டரி போச்சு என்று வண்டி ஒரு வாரம் வெளியே எடுக்கப்படவில்லை. பிறகு நீல வண்டி வெள்ளையாயிற்று. சொந்தக் கடைப் பெயின்ட், ஓசியில் அடிக்கிறார் என்று ஊர் சிரித்தது. குளத்துக்கரை இறக்கம் வந்தால் அண்ணாச்சி சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்து, வண்டியைச் சத்தமில்லாமல் உருளவிடுவார். டீசல் மிச்சம் பிடிக்கிற கஞ்சன் என்று அதையும் கேலி செய்தார்கள், பெலிக்ஸும் சேர்ந்துதான் செய்தான்.

அடுப்படியில் ரூபி காய் அரிந்துகொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அரிவாள்மணையை ஒதுக்கிவைத்தாள்.

"அப்பா கடைசி நாள்ல என்ன சொல்லிட்டுக் கெடந்தாவ?" என்று கேட்டான்.

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "கட்டுலுக்கு இடதுபக்கமே பாப்பாவ. 'பால்காரன் நிக்கான், அவனப் போகச் சொல்லு'ம்பாவ. பால் வாங்கச் சொல்லுதாவன்னு நான் செம்ப எடுத்துக் காட்டுவேன். அதப் பாத்ததும் அழுவாவ" என்றாள். அவன் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்ததும் முதல் வார்த்தை, "அவ தம்பி உசுரோட கெடக்காம்லா. இப்பவே போய்ச் சொல்லுங்க."

"அசனம் முடியட்டும்."

"அவன் அசனம் வரைக்கும் கெடப்பானா?"

அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "எங்க அப்பா பேரு தெருவுல கெடக்கணுமாட்டி?" என்று கத்தினான். ரூபி அரிவாள்மணையை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவன் அந்தப் பள்ளத்தைத் துருவில்லாமல் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, மறுநாள் பட்டி வைத்தான். அப்பா சொல்லிக்கொடுத்தபடி, ஒரு முறையும் தவறாமல். தண்ணீர் தொட்டுத் தேய்த்து வெள்ளை பூசியபோது அந்த இடம் கண்ணாடி மாதிரி வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், பட்டியில் மறைக்கலாம் போல. குருவம்மாள் பால் ஊற்ற வந்தவள் அந்த மட்கார்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பனுக்குத் தப்பாத பிள்ள" என்றாள். அவன் பால் செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

ஓட்டிப் பார்க்க வண்டியை எடுத்தான். இலஞ்சிவரை நன்றாகத்தான் ஓடியது. திரும்புகையில் இடதுபக்கக் கண்ணாடியில் யாரோ சைக்கிளில் ஒட்டியே வருகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ரோடு காலி. வண்டியை மெதுவாக்கினால் அதுவும் மெதுவாயிற்று. குளத்துக்கரை இறக்கம் வந்தபோது அவனை அறியாமல் கை போய்ச் சாவியைத் திருப்பியது. இஞ்சின் அடங்கியது. டயருக்குக் கீழே ஈர மண் நசுங்குகிற சத்தம் மட்டும். அந்த மௌனத்தில் இறங்கியபோதுதான், அப்பா இத்தனை வருஷமும் இதில் எதைக் கேட்டிருப்பார் என்று அவனுக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து படுத்தவன் கட்டிலின் இடது பக்கம் திரும்பவில்லை.

நாலாம் நாள் இசக்கிதுரை செத்துப்போனான். அக்காள் வந்து வாய்க்கரிசி போடட்டும் என்று சிவகிரியில் உச்சிப்பொழுது தாண்டியும் உடலை எடுக்காமல் வைத்திருந்தார்கள். குருவம்மாள் போகவில்லை. அன்றைக்கும் பால் கறந்து, வீடு வீடாக ஊற்றிவிட்டு, "தொலஞ்சான்" என்று மட்டும் சொன்னாள் என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

பெலிக்ஸ் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கிரைண்டரை எடுத்தான். கண்ணாடி மாதிரி வந்த வேலை தூசியாகப் பறந்தது. ரூபி போய்க் குருவம்மாளைக் கூட்டிவந்தாள். அவள் பால் கேனை இடுப்பில் வைத்தபடியே வந்தாள்.

"அக்கா, இதப் பாருங்க" என்றான். மீதியையும் சொன்னான். எதையும் விடவில்லை. தான் அதைக் கண்டதும், மறுபடி மூடியதும், அப்போது இசக்கிதுரை உயிரோடு இருந்ததும்.

குருவம்மாள் கேனைக் கீழே வைத்தாள். பள்ளத்துக்குள் உள்ளங்கையைப் பதித்தாள், அது சரியாக அமர்ந்தது. ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. சாரல் அவள் நரைத்த தலையில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

"எந்தம்பி செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஒங்கப்பா பெட்டி மேல விழுந்து புரண்டு அழுதேன்லா. ஊரே பிடிச்சு இழுத்துச்சே" என்றாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்தாள். "அந்த அழுகயத் திருப்பித் தாலே. எந்தம்பிக்கு அழணும் நான். அதத் தா."

அவன் நின்றான். தன் வாயிலிருந்து வருவது என்னவென்றே தெரியாமல், "இப்பமே சிவகிரிக்குக் கொண்டுவிடுதேங்க்கா. வாங்க" என்றான்.

அவள் சட்டையை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள்.

"எந்த வண்டிலலே?" என்றாள்.

பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, சிவகிரி பஸ் ஏற நடந்தாள்.