இரண்டு மணி நாற்பத்தொரு நிமிஷம்

வீரலட்சுமி ஆசைப்பட்டு ஓட ஆரம்பித்தவள் இல்லை. கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும் மெடிக்கல் செக்கப்பில் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று பயமுறுத்திவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயசு. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்து பத்தொன்பது வருஷம். அதில் பதினாலு வருஷம் சிப்காட்டில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் முன்னால் நின்றே போயிற்று. சரி, நின்ற கால் கொஞ்சம் நடக்கட்டும் என்று ராமநாயக்கன் ஏரிக்கரைக்குக் காலையில் போனாள். அங்கேதான் அந்த இரண்டு பேரிடமும் மாட்டினாள்.

ஒருத்தன் பிரேம்குமார். தொரப்பள்ளிக்காரன், அவள் கம்பெனியிலேயே ஸ்டோர்ஸில் வேலை. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கம்பெனியில் தமிழ். மூன்றிலும் வாய் ஓயாது. இன்னொருத்தன் சுபாஷ். ஊத்தங்கரைக்காரன், பக்கத்துக் கம்பெனியில் ஆபரேட்டர். மூன்று பாஷையிலும் பேசமாட்டான், ஆனால் ஓட ஆரம்பித்தால் பைக்கில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். இவர்களோடு இன்னும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, காலை ஷிஃப்டுக்கு முன்னால் ஓடும் கூட்டம் ஒன்று வைத்திருந்தார்கள்.

"அக்கா, நடக்கிற வேகத்த கொஞ்சம் ஜாஸ்தி பண்ணா அதுக்குப் பேருதான் ஓட்டம்," என்றான் பிரேம்.

"போடா, ஊரே சிரிக்கும்."

"சிரிக்கறவங்க எல்லாம் இன்னும் எழுந்திருக்கவே இல்லைக்கா."

அதுவும் வாஸ்தவம்தான். மகள் சத்யப்ரியாவின் பழைய ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினாள். முதல் நாள் ஏரிக்கரையில் பாதிகூட முடியவில்லை, நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. அதற்காக விட்டுவிடுகிற ஜாதியா அவள்? மூணு மாசத்தில் பத்து கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் ராயக்கோட்டை ரோட்டில் உத்தனப்பள்ளிக்குப் பாதி வழி போய்த் திரும்புவார்கள். பிரேம் பைக்கில் எலுமிச்சைத் தண்ணி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கடலை மிட்டாய் எல்லாம் கட்டிக்கொண்டு பின்னாலேயே வருவான். நாய் துரத்தினால் சுபாஷ் வந்து அவளுக்கும் நாய்க்கும் நடுவில் ஓடுவான். கூடப் பிறந்த தம்பிகள்கூட இப்படிச் செய்வார்களா என்று அவளுக்குக் கண் கலங்கும்.

முழு மாரத்தான் ஓடிவிட வேண்டும் என்ற வெறி அவளுக்கு எப்போது பிடித்தது என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. ஆனால் ஏன் என்று கேட்டால் சொல்வாள். ப்ளஸ் டூ பாதியில் நின்றது. டைப்ரைட்டிங் பாதியில் நின்றது. வீடு புருஷன் மூர்த்தி பேரில், வண்டி மூர்த்தி பேரில். தன் பேரில், தானே ஆரம்பித்துத் தானே முடித்தது என்று ஒன்று வேண்டும். நாற்பத்திரண்டு வயசுக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர், கணக்கு சரியாகத்தானே இருக்கிறது!

மைசூர்ப் பக்கம் ஜனவரியில் ஒரு முழு மாரத்தான். அதில் சேர ஒரு விதி இருந்தது. அரை மாரத்தானை இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் ஓடிய சர்டிபிகேட் காட்ட வேண்டும். அக்டோபரில் கூட்டமாகப் பெங்களூர் போய் ஓடினார்கள். கடைசி ஐந்து கிலோமீட்டர் வீரலட்சுமிக்கு நினைவே இல்லை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, ஓரமாக நின்று வாந்தி எடுத்தாள், அழுதாள், ஓடினாள். கோட்டைத் தாண்டியதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி கழித்து பிரேம் போனைக் காட்டினான். "ரெண்டு நாப்பத்தொண்ணு! அக்கா, அடிச்சுட்டீங்க!"

அப்புறம் கேட்க வேண்டுமா! ஆயுத பூஜையன்று கம்பெனியில் மெஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு இவளுக்கும் சால்வை போர்த்தினார்கள். சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினாள். "ஓடி என்னத்தக் கிழிக்கப் போற" என்று கேட்ட மூர்த்தி, வருகிறவர்களிடம் எல்லாம் அவனே ஓடிய மாதிரி கதை சொன்னான். மாரத்தானுக்கு இடமும் கிடைத்தது. டிசம்பர் ஆரம்பத்தில் ஒரே மூச்சில் முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்தாள்.

இடி அடுத்த வாரம் கேன்டீனில் டீ நேரத்தில் விழுந்தது. பக்கத்து டேபிள் நஞ்சம்மா சும்மா இருக்கமாட்டாள். அவள் அக்கா மகன் பெங்களூர் ஓட்டத்தில் முடிவுக் கோட்டில் வாலன்டியராக நின்று எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

"வீரக்கா, நீ வர்றதும் இருக்குது பாரு!"

வீரலட்சுமி ஆசை ஆசையாகப் பார்த்தாள். ஆமாம், அவளேதான். வாயைப் பிளந்துகொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு வருகிறாள். தலைக்கு மேலே பெரிய சிவப்புக் கடிகாரம். அதில் இரண்டு ஐம்பத்தெட்டு.

"இந்தக் கடியாரம் தப்பு போல," என்றாள்.

கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தாள். கடிகாரத்தில் இரண்டு நாற்பத்தொன்று. அந்த நேரத்தில் கோட்டைத் தாண்டுகிறவன் சுபாஷ். ஒன்றே முக்கால் மணியில் முடிக்கிற சுபாஷ், கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி வாட்சைப் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறான். அவன் இரண்டு ஷூவிலும் ஒவ்வொன்றாய் இரண்டு ஆரஞ்சுப் பட்டை. ஓட்டக்காரன் கோட்டைத் தாண்டும்போது நேரத்தைப் பதிகிற சிப் அது, ஒரு ஆளுக்கு ஒன்றுதான். மறுபடி தன் படத்துக்கு வந்தாள். அவள் ஷூவில் ஒன்றுமே இல்லை.

டீயை அப்படியே டேபிளில் வைத்துவிட்டாள். "என்னக்கா ஆச்சு?" என்று நஞ்சம்மா கேட்டது காதில் விழவே இல்லை. அன்றைக்குக் காலையில் பிரேம்தான் எல்லோருடைய சிப்பையும் வாங்கி வந்தான். இவளுக்கு நெஞ்சில் குத்துகிற நம்பர் காகிதம்தான் சிப் என்று நினைப்பு. ஐயோ ஐயோ, சால்வை போர்த்திக்கொண்டோமே, அத்தனை பேர் கை தட்டினார்களே! அடுத்த இரண்டு மணி நேரம் டேபிளில் வந்த பீஸ் நல்லதா கெட்டதா என்று அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடியலில் ஏரிக்கரையில் இரண்டு பேரையும் நிறுத்தினாள்.

"யாரு ஓடினது அது? சொல்லுங்கடா. யாரு ஓடினது?"

சுபாஷ் தலையைக் குனிந்துகொண்டான். பிரேம்தான் பேசினான். அவன் முகத்தில் குற்ற உணர்ச்சிகூட இல்லை, அதுதான் கொடுமை.

"நீங்கதான்க்கா ஓடினீங்க. டைம் மட்டும் இவன் கால்ல வந்துச்சு. லேட்டா வர்ற ஆளுக்கு கேட்டுல நாம கார்டு அடிச்சு விடறதில்லையா? அந்த மாதிரிதான். இவன் தன்னோட டைமையே விட்டுட்டு, உங்களுக்காகக் கடைசி கிலோமீட்டர்ல உக்காந்து வாழப்பழம் தின்னுட்டு வந்தான், தெரியுமா?"

"கார்டு அடிக்கறதும் இதும் ஒண்ணாடா?"

"நஞ்சம்மாக்கு நீங்க எத்தன நாள் அடிச்சிருக்கீங்க?"

வீரலட்சுமி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். அடித்திருக்கிறாள். நஞ்சம்மாவின் பஸ் லேட்டாகும் நாளெல்லாம் அவள் கார்டை வாங்கி வைத்திருந்து தேய்த்திருக்கிறாள். அதைப் பெரிய உதவி என்றே நினைத்திருந்தாள். இவர்களும் அப்படித்தானே நினைத்திருக்கிறார்கள்!

"அப்ப ஞாயித்துக்கெழம எல்லாம் சூப்பர் டைம், சூப்பர் டைம்னு சொன்னீங்களே?"

பிரேம் இப்போதுதான் கண்ணைத் தாழ்த்தினான். "நெஜத்த சொன்னா விட்டுருவீங்கன்னு பயந்தோம்க்கா."

அவளுக்கு அழுகை வரவில்லை. அடி வாங்கின மாதிரி இருந்தது. எட்டு மாசம். நாய்க்குக் குறுக்கே ஓடியவர்கள், கிழங்கு அவித்துக்கொண்டு வந்தவர்கள், உயிரைக் கொடுத்து உதவியவர்கள். அவர்கள் ஒரு நாள்கூட அவளால் முடியும் என்று நம்பவில்லை.

வீட்டுக்குப் போய் சத்யப்ரியாவை உட்கார வைத்து மாரத்தான்காரர்களுக்கு மெயில் எழுதச் சொன்னாள். அந்த நேரம் என்னுடையது இல்லை, அவ்வளவுதான். யார் பெயரும் வேண்டாம். மூர்த்தி குறுக்கே விழுந்தான். "உனக்கென்ன பைத்தியமா? யாருக்குடி தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சு போச்சே, என்ன பண்ணச் சொல்றீங்க!"

பதில் மறுநாளே வந்தது. இடம் ரத்து. பத்து நாளுக்குள் சரியான நேரத்தோடு வேறொரு அரை மாரத்தான் சர்டிபிகேட் அனுப்பினால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி அணைக்கட்டு ரோட்டில் ஒரு சின்ன ஓட்டம் இருந்தது. இருபத்தியொரு கிலோமீட்டர், போய்த் திரும்ப வேண்டும். அங்கே சிப்பெல்லாம் கிடையாது. ஒருத்தர் ஸ்டாப் வாட்சைப் பார்த்துச் சொல்ல, ஒருத்தர் நோட்டில் எழுதுவார்.

மகளைத் தவிர அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் விடியற்காலை ஐந்தரைக்குப் பார்த்தால் பிரேம், சுபாஷ், கூட்டம் மொத்தமும் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது. ஓடினார்கள். சுபாஷ் பத்தடி முன்னால் ஓடினான். கிலோமீட்டருக்கு ஒரு தடவை நேரத்தைச் சொன்னான், அதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. "ஏழு நாப்பது." "எட்டு அஞ்சு, லேட்டு." "இன்னும் லேட்டு." கேட்கக் கேட்க அவளுக்கு எரிச்சலாக வந்தது, அந்த எரிச்சலிலேயே ஓடினாள். கெண்டைக்கால் இந்தத் தடவையும் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

"ரெண்டு நாப்பத்தேழு," என்றார் வாட்ச்காரர்.

இரண்டு நிமிஷம். பெங்களூரைவிடப் பதினோரு நிமிஷம் வேகம், ஆனாலும் இரண்டு நிமிஷம் போதவில்லை. சத்யப்ரியா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நோட்டுக்காரர் நல்ல மனுஷன். விஷயம் கேள்விப்பட்டு பேனாவைத் தூக்கினார். "ரெண்டு நிமிஷம்தானேம்மா. நம்ம ஊரு ஆளுங்க. நாப்பத்தி நாலுன்னு போட்டுத் தரட்டுமா?"

பிரேம் வாயைத் திறந்தான். அதற்குள் சுபாஷ் அவன் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"இருக்கறத போடுங்க," என்றான் சுபாஷ்.

இருக்கிறதைப் போட்டார். வீரலட்சுமி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மைசூர் கைவிட்டுப் போயிற்று. அது நன்றாகத் தெரிந்துவிட்டது. காகிதத்தை மகள் கையில் கொடுத்தாள். இரண்டு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தாள். ஷூ நாடாவை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். பிறகு வந்த வழியே திரும்பி, அணைக்கட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள்.

"அக்கா! ஓட்டம் முடிஞ்சுது!" என்று கத்தினான் பிரேம்.

"உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு இன்னும் இருபத்தியொண்ணு பாக்கி."

அவள் விளையாடுகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை என்றதும் சுபாஷ் ஓடினான். பிரேம் பைக்குக்குப் பாய்ந்தான். "அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று சத்யப்ரியா கத்தியது அணைவரை கேட்டிருக்கும்.

வெயில் ஏறியது. பஸ்ஸும் மாங்கூழ் பாக்டரி லாரியும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. முப்பதாவது கிலோமீட்டரில் நடந்தாள். முப்பத்தைந்தில் ரோட்டோரம் உட்கார்ந்து, "என்னால ஆகாதுடா" என்று சத்தம் போட்டு அழுதாள். பிரேம் வழக்கம்போல "ஏமி காதுக்கா, ஒண்ணும் ஆகாது, சூப்பரா..." என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான். தண்ணியை மட்டும் நீட்டினான். அவள் குடித்துவிட்டு எழுந்தாள்.

முடிவுக் கோடு இருந்த இடத்துக்கு அவள் வந்தபோது வளைவைக் கழற்றி டெம்போவில் ஏற்றிவிட்டிருந்தார்கள். கடிகாரம் இல்லை, நோட்டு இல்லை, கை தட்ட ஆள் இல்லை. ரோட்டில் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்து கிடந்தது. அதைத் தாண்டி நாலு அடி போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுபாஷ் பக்கத்தில் வந்து நின்று வாட்சை அமுக்கினான்.

"எவ்வளவு?" என்றாள்.

"ஆறு மணி அம்பத்திரண்டு நிமிஷம்க்கா."

"ரொம்ப மோசமோ?"

சுபாஷ் பிரேமைப் பார்த்தான். பிரேம் ரோட்டைப் பார்த்தான்.

"மோசம்தான்க்கா," என்றான் சுபாஷ்.

எட்டு மாசத்தில் முதல் தடவையாக அவளுக்கு அவன்மேல் நம்பிக்கை வந்தது. அந்த நடுரோட்டிலேயே அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.