நைனா கரையேற்றிய தோணி

எங்கள் நைனா தண்டலாக, அதாவது கப்பல் தலைவராக, இருந்து நடத்திய கப்பலுக்கு இரண்டு பாய்மரம். தோணி என்பது சும்மா பேருக்குத்தான். அரிசியை வயிறு முட்ட ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போய், தேங்காயோடு திரும்பும் பெரிய மரக்கப்பல் அது. அதன் பின்னறையில் ஒரு மாதா சுரூபம் உண்டு. தோணி கடலில் ஓடும் காலம்வரை மாதாவை இறக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

தோணி யானைக்கவுனி முதலாளிக்குச் சொந்தம். ஆனால் ராயபுரம் முழுக்க நான் அதை எங்கள் கப்பல் என்றுதான் சொல்லித் திரிந்தேன். என் கூட்டாளிப் பெண்கள் ஒருத்தியும் நம்பவில்லை. அது கரைக்கு வந்தால்தானே நம்புவாளுகள்? தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகள் படகில் வந்து இறங்கும். நைனாவும் மூட்டையோடு மூட்டையாக வந்து இறங்குவார்.

"ஒரு தபா நம்ம தெருவாண்ட இட்டுகினு வா நைனா" என்று ஒவ்வொரு பயணத்துக்கும் நச்சரிப்பேன்.

"அது மணல்ல ஏறிச்சுன்னா அப்பால திரும்பிப் போவாதும்மா" என்று சிரிப்பார். சாக்குச் சொல்கிறார் என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் விடிகாலையில் பேய்க்காற்று. தெருவே கடற்கரைக்கு ஓட, நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். தோணியின் நங்கூரக் கயிறு அறுந்துவிட்டிருந்தது. காற்று அதைத் துறைமுகத்துக் கல்சுவர் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. கல்லில் மோதினால் ஒருத்தரும் மிஞ்சமாட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நைனாவோடு அம்மாவின் தம்பியான மாமாவும் அதில் இருந்தார். அம்மா ஜெபமாலையை உருட்டியபடி நின்றாள்.

அப்போது தோணியில் முன்பாய் ஏறியது. தோணி கரையைப் பார்த்துத் திரும்பியது.

"தண்டலு கரையேத்துறாருடா" என்றார் பக்கத்தில் நின்றவர்.

வந்தது, வந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது. சரியாக எங்கள் தெருவுக்கு நேரே, வீடே இடிந்த மாதிரிச் சத்தத்தோடு மணலில் ஏறிச் சாய்ந்தது. அடிவயிறு பிளந்து தேங்காய்கள் அலையில் உருண்டு வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. "என்கோசரம் எங்க நைனா இட்டாந்துகீறாரு" என்று நம்பாதவளுகளையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கயிறு பிடித்துக் கரையேறினார்கள். மாமாவைக் கண்டதும்தான் அம்மாவுக்கு அழுகை வந்தது. நைனா கடைசி ஆளாக இறங்கினார். நனைந்த சட்டையில் சுற்றி மாதாவை மார்போடு அணைத்திருந்தார்.

"என்கோசரந்தானே நைனா?"

என் தலையில் கை வைத்தார். "ஆமா கண்ணு. உன்கோசரந்தான்."

மாதா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள் என்று எனக்கு இன்னொரு கொண்டாட்டம். சாயங்காலம் சாமந்திப்பூ வைத்துவிட்டு, அடுத்த பயணத்துக்கு மாதாவை எப்போது தோணியில் ஏற்றுவார் என்று நைனாவிடம் கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடல் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். அவர் குளித்து வேறு வேட்டி கட்டி வெகுநேரம் ஆகியிருந்தது.