கானிம் வெளியே நிற்கிறான்

இல்லை, தனூன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒற்றைக் காதோடு உயிர்தப்பி வந்த கானிம் சுட்ட ரொட்டியை மென்றுகொண்டே, தனூன்தான் அவன் பெயரைச் சொல்லிவிட்டு எல்லை தாண்டி ஓடினான் என்கிறாள் எதிர்வீட்டு சபீஹா. அன்றைக்கு அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். நான் கூடவே இருந்தேன்.

தனூன் என் தங்கை மகன். மோசுல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் வாத்தியார். கறுப்புக் கொடிக்காரர்கள் அதைப் பூட்டியதும் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். குவாண்டம் என்பான், என் வாயில் நுழையாது. வானத்தில் ஒரு குழியாம். விழுந்தால் ஒளிகூடத் திரும்பாதாம். ஆனால் குழி கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் கக்குமாம். உள்ளே விழுந்த சேதி அந்தச் சூட்டோடு வெளியே வருமா, அடியோடு அழியுமா என்பதுதான் கணக்கு.

"ஒரு எழுத்துகூட அழியாது பெரியம்மா. மொத்தச் சூட்டையும் பிடிச்சாப் படிச்சிரலாம்" என்பான். அல்லாவுக்குத் தெரிந்த விஷயத்துக்கு நீ ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று திட்டுவேன்.

இந்தக் கணக்குக்காரர்களுக்கு ஒரு பழக்கம். சேதி அனுப்ப ஒருத்தி, வாங்க ஒருத்தன் என்று ஆள் வைத்துப் பெயரும் வைப்பார்கள். வெள்ளைக்காரப் பெயர் பிடிக்காமல், குழியில் விழுபவளுக்குச் செத்துப்போன தன் தங்கை கவ்லாவின் பெயரை வைத்தான் இவன். வெளியே நின்று சூட்டைப் பிடிப்பவனுக்கு, விடிந்தது முதல் அடுப்பு வாயில் நிற்கும் பக்கத்துக் கடைக் கானிமின் பெயர். கானிமுக்கும் அது தெரியும். "என்ன வாத்தியாரே, இன்னைக்கு எத்தனை சேதி பிடிச்சேன்?" என்று கேலி செய்வான்.

செல்பேசி தேடி வந்தவர்கள் கையில் அந்த நோட்டு சிக்கியது. ஊருக்குத் தெற்கே ஒரு பள்ளத்தில் அவர்கள் ஆட்களை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. நோட்டிலோ, கவ்லா குழியில் விழுகிறாள், கானிம் வெளியே நிற்கிறான், பாதிக் காலம் கழிந்ததும் ரகசியச் சேதி கானிமுக்குக் கிடைக்கிறது என்று இருக்கிறது. பள்ளத்து ரகசியத்தை எவனோ வெளியே கடத்துகிறான் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

யார் இந்தக் கானிம் என்று கேட்டு, நான் ஏலக்காய் இடிக்கும் பித்தளைக் குழவியால் தனூனின் விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கினார்கள். அவர்கள் காலில் விழுந்தேன், துப்பாக்கிக் கட்டையால் இடித்ததில் என் முன்பற்கள் போயின. பத்தாவது விரலுக்கும் அவன் ஒரே பதில்தான் சொன்னான். "அது ஆளில்ல, கணக்கு."

அப்போது ஒருவன் ஜன்னல் வழியே கானிம் கடைப் பலகையைப் பார்த்தான். எனக்குப் படிக்கத் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது. காட்டிக்கொடுத்தது அந்தப் பலகை.

கானிமை மாவுக் கையோடு பிடித்து, அவன் அடுப்பிலேயே முகத்தை அழுத்தினார்கள். காது வெந்த வாடை தெருவெல்லாம் அடித்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பள்ளத்தில் தள்ளுவோம் என்று வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள். தனூனைத் தேடி யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்காக அவனை மட்டும் விட்டுவைத்தார்கள்.

வெள்ளி காலையில் சட்டைப் பொத்தானை என்னைப் போடச் சொன்னான்.

"அவங்களுக்குக் கணக்கு புரியாது பெரியம்மா. ஆளைக் கொடுத்தாப் புரியும். கானிம்ங்கிறது எனக்கு நானே வெச்சுக்கிட்ட பேருன்னு சொல்லப்போறேன்."

"அப்புறம் உன்னைத்தானடா பள்ளத்துல தள்ளுவானுங்க."

"தள்ளுவாங்க. அவனுக்கு நாலு புள்ளைங்க. வழிவிடுங்க, தொழுகைக்கு முன்னாடி போய்ச் சேரணும்."

நகரமாட்டேன் என்று நின்றேன். தோளால் என்னை ஒதுக்கினான். ஆனால் தாழ்ப்பாளைத் தூக்க அவனிடம் விரல் இல்லை. நான்தான் திறந்துவிட்டேன். எல்லைக்குப் போகும் சாலை இடப்பக்கம். அவன் வலப்பக்கம், அவர்கள் விசாரணை நடத்தும் கட்டிடத்தைப் பார்த்து நடந்தான்.