அம்மாவின் கண்ணும் காப்பீட்டு அட்டையும்

இன்று அம்மாவின் கண்ணைக் காட்ட, அரசுக் காப்பீட்டு அட்டையோடு தர்மபுரியில் அலைந்தேன். இரண்டு மருத்துவமனைகளில், "கண்ணுக்கு இந்தக் கார்டு எடுக்கறதில்லீங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

சோர்ந்துபோய்ப் பென்னாகரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பக்கத்து இருக்கை அக்கா என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"எங்க மாமியாருக்கு இதுலதான் பண்ணுனோம். வாங்க, காட்டறேன்."

புறப்பட இருந்த பஸ்ஸிலிருந்து எங்களோடு அவரும் இறங்கி, ஒரு சின்ன கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

"கார்டு செல்லும்ங்க. புரை நல்லா முத்திருச்சு. வியாழக்கிழமை ஆபரேஷன் பண்ணிரலாம்" என்றார் மருத்துவர்.

"ஏம்மா இத்தன நாளா சொல்லல?" என்றேன்.

"உன் மொகம் தெரியலன்னாலும், கொரல வச்சே நீ எப்படி இருக்கறன்னு தெரிஞ்சுக்குவேன். அது போதும்னு இருந்துட்டேன்" என்றாள் அம்மா.

வெளியே வந்து கொஞ்சம் அழுதேன்.

அடுத்த வாரம் என் நரையெல்லாம் அம்மாவுக்குத் தெளிவாகத் தெரியும். சாயம் பூசவா, அப்படியே விடவா? சொல்லுங்கள்.