வெறுங்கால் நேர்ச்சை

எனக்க பெண்டாட்டி ஜோஸ்னாவுக்குப் பாறசாலையில ஒரு லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை. காலையில என் ஆட்டோவுல ஏறி வீடு வீடா ஊசியோட போவா. "எலே ஜெயதாஸ், வீட்டுலயே ரத்தம் குடிக்கிற யட்சியை வச்சிருக்கியே"ன்னு ஸ்டாண்டுல எல்லாவனும் என்னைக் கேலி பண்ணுவானுவ. பண்ணட்டும். பிடிச்ச பிடியை விடாத பொம்பளையக் கெட்டினவனுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

போன மழையில ஓமனக்குட்டி மாமி வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனோம். மாமிக்க மருமகள் சினிக்கு ஆறாம் மாசம். முகம் சுண்ணாம்பா வெளுத்து, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கிச்சு. பின்பக்கத்துப் பாலமரத்து யட்சிதான் இவ ரத்தத்தைக் குடிக்கான்னு மாமிக்கு உறுதி. அதுக்குப் பரிகாரமா நேர்ச்சை நேர்ந்து, விடியக்காலம் தோறும் வெறுங்காலோட மரத்தைச் சுத்த வச்சிருந்தா. மாமிய ஏசவும் எனக்கு மனசு வரல்ல. அவளுக்க ஒரே மகள் பிரசீதா இதே மாதிரி வெளுத்து, பிரசவத்துல செத்தவளாக்கும். அவ இந்த நேர்ச்சையைப் பாதியில விட்டதுதான் காரணம்னு மாமி நம்பினா.

சினிக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் பதினொண்ணாவது வேணும், ஆறுதான் இருந்துது. "இப்படியே பிரசவத்துக்குப் போனா இவளும் பிழைக்கமாட்டா"ன்னு ஜோஸ்னா என்கிட்ட சொன்னா. பிறவு மரத்தடியில போய்ப் பாத்தா. கக்கூஸ் டாங்கு வெடிச்சு ஒழுகி, சினி சுத்துற வழியெல்லாம் சேறு.

"மாமி, இவளுக்க மலம் கொஞ்சம் வேணும். டெஸ்ட் பண்ணணும்."

"ஐயே! யட்சி கேக்காததையெல்லாம் நீ கேக்குதியே!" மாமி கதவை அடைச்சுட்டா.

வேற ஒருத்தின்னா போய்த் தொலைன்னு விட்டிருப்பா. இவ மறுநாளும் போனா, அதுக்கு மறுநாளும் போனா. பெட்ரோல் என்ன கிணத்துலயா ஊறுதுன்னு நான் சத்தம் போட்டேன். "நீங்க வண்டிய எடுங்க"ன்னா. கடைசியில சினிக்க மாப்பிள்ளை ரெஜித்துதான் மலத்தை டப்பாவுல கொண்டுவந்து தந்தான்.

அதைச் சோதிச்சுப் பாத்த ஜோஸ்னா, ரெஜித்தை விட்டு வற்புறுத்தி மாமியையும் சினியையும் லேபுக்கு வரவச்சு, மைக்ராஸ்கோப்புக்கு முன்னால மாமிய உக்கார வச்சா.

"இது கொக்கிப்புழுக்க முட்டை. புழு சேத்துல இருந்து வெறுங்கால் வழியா உள்ள போயி, குடலைக் கடிச்சுப் பிடிச்சு ரத்தம் குடிக்கும்."

"ரத்தம் குடிக்கும்னு நீயே சொல்லுதல்லா? அப்போ நான் சொன்னது சரியாக்கும்!"

"சரிதான் மாமி. ஆனா இந்த யட்சி மாத்திரையில சாவும். செருப்பு போட்டா கிட்ட வராது."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. மாமி சிரிக்கல்ல. மைக்ராஸ்கோப்புல இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டா: "பிரசீதா நேர்ச்சைய விட்டதுனாலயா செத்தா?"

"அவளுக்கு என்னன்னு யாரும் பாக்கல்லியே மாமி. ஆனா நேர்ச்சைய விட்டதுனால இல்ல."

"அவ முடியாதுன்னு படுத்தப்போ எல்லாம், கையைப் பிடிச்சு மரத்தடிக்கு இழுத்துட்டுப் போனது நான்தான் மக்கா." மாமி மேசையில தலையை வச்சு அழுதா.

பிறவு எழும்பினா. வாசல்ல கிடந்த தனக்க செருப்பை எடுத்து, குனிஞ்சு, சினிக்க வெறுங்கால்ல மாட்டினா. சினி பதறிக் காலை இழுத்தா. "ஐயோ அம்மா, நேர்ச்சை..."

"இடுடி. நேர்ந்தது நானாக்கும். யட்சி கேக்கணும்னா எனக்கிட்ட வந்து கேக்கட்டும்."

ஓணத்துக்குச் சினி பெத்த பெண்பிள்ளை இன்னும் தவழக்கூட இல்ல. மாமி அதுக்குச் செருப்பு வாங்கி வச்சாச்சு.